ஹனோய்க்குப் போன பெண்கள்

1972 ஜூலையில் ஹனோயில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. தலையில் இரும்புக் கவசம் வைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண் விமான எதிர்ப்புப் பீரங்கியின் இருக்கையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் வட வியட்நாம் படைவீரர்கள். அவர் ஜேன் ஃபோண்டா. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் 'க்ளூட்' படத்துக்காக ஆஸ்கர் விருது வாங்கியிருந்தார். அந்த ஒரு படத்தினால் அவருக்கு 'ஹனோய் ஜேன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது போகவில்லை.

படத்தை மட்டும் பார்த்தவர்கள் அவர் அங்கே இரண்டு வாரம் என்ன செய்தார் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. குண்டு விழுந்த மருத்துவமனைகளையும் கிராமங்களையும் போய்ப் பார்த்தார். செந்நதிச் சமவெளியின் வெள்ளத் தடுப்புக் கரைகள் சேதமாகியிருந்ததைப் படமெடுத்தார். அது மழைக்காலம். முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் அந்த ஆறு பெருவெள்ளத்தில் ஊர்களை அடித்துச் சென்றிருந்தது. கரை உடைந்தால் நெல்வயல்களோடு மக்களும் போவார்கள். கரைகளைக் குறிவைக்கவில்லை என்று அமெரிக்க அரசு மறுத்தது. ஐ.நா. பொதுச்செயலாளர் குர்ட் வால்ட்ஹைமே அந்த ஜூலையில் இதைப் பற்றிப் பகிரங்கமாகப் பேச வேண்டியிருந்தது. ஃபோண்டா ஹனோய் வானொலியில் பத்து முறை பேசினார், குண்டு போடும் விமானிகளை நோக்கியே. அமெரிக்கப் போர்க்கைதிகள் ஏழு பேரைச் சந்தித்தார். கைதிகளின் குடும்பங்கள் கொடுத்த கடிதங்களைக் கொண்டுபோனார், அவர்களுடைய கடிதங்களை வாங்கி வந்தார்.

இனி ஒரு தேதியைச் சொல்கிறேன். ஃபோண்டா ஹனோயில் இருந்த அதே நாட்களில், ஜூலை 19 அன்று, பாரிஸில் ஹென்றி கிஸ்ஸிங்கர் வட வியட்நாமின் லெ டக் தோவுடன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். இவர்கள் இருவரும் 1970 பிப்ரவரியிலிருந்தே ரகசியமாகச் சந்தித்து வந்தவர்கள். 1972 ஜனவரியில் நிக்சனே இதைத் தொலைக்காட்சியில் அறிவித்திருந்தார். ஆக, எதிரியுடன் பேசியது ஃபோண்டாவின் குற்றமாக இருக்க முடியாது. எதிரியுடன் பேச அமெரிக்காவில் யாருக்கு அனுமதி இருந்தது என்பதுதான் கேள்வி. குண்டு போடும் உத்தரவில் கையெழுத்திடுகிறவரின் தூதர் பேசலாம். அவர் பேசுவதற்கு ராஜதந்திரம் என்று பெயர், அடுத்த ஆண்டே அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. (லெ டக் தோ தன் பங்கை வாங்க மறுத்துவிட்டார். சமாதானம் இன்னும் வரவில்லை என்றார்.) அந்தக் குண்டுக்கு வரி கட்டுகிற பெண் போய்ப் பேசினால் அது துரோகம்.

இதற்கென்று அமெரிக்காவில் ஒரு பழைய சட்டமே இருக்கிறது. 1799இல் இயற்றப்பட்ட லோகன் சட்டம், நாட்டோடு தகராறில் இருக்கும் அந்நிய அரசுடன் தனிக்குடிமக்கள் பேரம் பேசுவதைத் தடை செய்கிறது. அதன்கீழ் இதுவரை யாரும் தண்டிக்கப்பட்டதில்லை. ஃபோண்டா மீதும் எந்த வழக்கும் போடப்படவில்லை. சட்டம் விட்டதை ஊர் வாய் பார்த்துக்கொண்டது.

அவருக்கு முன்னும் பின்னும் ஹனோய்க்குப் போனவர்கள் பலர். 1965 டிசம்பரில் டாம் ஹேடனும் வரலாற்றாசிரியர் ஸ்டாட்டன் லிண்டும் போனார்கள். 1968இல் ஹோவர்ட் ஜின்னும் பாதிரியார் டேனியல் பெரிகனும் போய் விடுவிக்கப்பட்ட கைதிகள் மூவரை அழைத்து வந்தார்கள். அதே ஆண்டு மேரி மெக்கார்த்தியும் சூசன் சொன்டாக்கும் போய் வந்து புத்தகம் எழுதினார்கள். ஃபோண்டா திரும்பிய சில நாட்களிலேயே ராம்சே கிளார்க் போனார். அவர் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர், அவரும் ஹனோய் வானொலியில் பேசினார். படைவீரர் சங்கக் கூடங்களின் சிறுநீர்க் கழிப்பிடங்களில் ஒட்டுவதற்கென்றே ஸ்டிக்கர் அச்சடித்தார்களே, அதில் கிளார்க்கின் முகம் இல்லை. ஃபோண்டாவின் முகம் இருந்தது.

1968இல் வந்த 'பார்பரெல்லா' படத்தில் அவர் உடலை ஆண்கள் தங்களுக்கென்று தரப்பட்ட பொருளாகப் பார்த்துப் பழகியிருந்தார்கள். படை முகாம்களில் சுவரில் ஒட்டிய படங்களில் அவருடையதும் ஒன்று. அந்த உடல் எதிரியின் பீரங்கியில் போய் உட்கார்ந்ததும் ஏற்பட்ட கோபத்தில் அரசியல் பாதிதான். மனைவி ஓடிப்போன வீட்டில் எழும் கோபம் மற்றப் பாதி. இரண்டாம் உலகப் போரின் 'டோக்கியோ ரோஸ்' கதையும் இந்த வகைதான். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. பல பெண்களின் குரல்களுக்குப் படைவீரர்கள் சேர்த்து வைத்த பெயர் அது. ஆனாலும் ஐவா டோகுரி என்ற பெண்ணுக்கு 1949இல் தேசத்துரோகத் தண்டனை கிடைத்தது. மன்னிப்பு வர 1977 ஆயிற்று.

பெண் தூது போவதே உலகம் காணாத விஷயமா என்றால், நமக்குப் புறநானூற்று ஔவையார் இருக்கிறார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போனார். பீலி சூட்டி நெய் பூசிப் பளபளக்கும் அவன் படைக்கலங்களைப் பார்த்துவிட்டு, என் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்று அவர் சொன்ன சாதுரியத்தைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் கவனியுங்கள், அவர் போனது அரசன் சார்பில். சொன்னதும் என் அரசன் நிறையப் போர் கண்டவன் என்பதைத்தான். தன் அரசனின் போரைக் கேள்வி கேட்க எதிரி ஊருக்குப் போன பெண்ணுக்கு நம் இலக்கியத்திலும் எளிதில் உதாரணம் காட்ட முடியாது.

அப்படிப் போனவர்கள் 1915இல் இருந்தார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஏப்ரல் இறுதியில், நெதர்லாந்தின் ஹேக் நகரில் பெண்கள் மாநாடு கூடியது. அலெட்டா யாகோப்ஸ் முன்னின்று கூட்டினார், அமெரிக்காவின் ஜேன் ஆடம்ஸ் தலைமை தாங்கினார். ஜெர்மானியப் பெண்களும் பெல்ஜியப் பெண்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். பிரிட்டனிலிருந்து வர இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். வட கடலில் கப்பல் போக்குவரத்து மூடப்பட்டதால் ஏற்கெனவே வெளியே இருந்த மூவர் மட்டுமே வந்து சேர்ந்தார்கள். மாநாடு முடிந்ததும் பெண்கள் குழுவாகப் பிரிந்து போரிடும் நாடுகளின் தலைநகரங்களுக்குப் போய் அமைச்சர்களைச் சந்தித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஓட்டுரிமைகூட இல்லாத பெண்கள்!

ஆடம்ஸ் அதுவரை அமெரிக்காவின் செல்லப் பெண்மணி. சிகாகோவில் ஏழைகளுக்காக ஹல் ஹவுஸ் நடத்தியவர். ஐரோப்பா போய் எதிரிகளைச் சந்தித்தபோது கேலி செய்தார்கள், அதோடு விட்டார்கள். ஜூலையில் நியூயார்க் கார்னகி ஹாலில் பேசியபோது ஒன்று சொன்னார்: துப்பாக்கிமுனைக் கத்தியால் எதிரே நிற்பவனைக் குத்தப் போகும் முன் வீரர்களுக்குப் போதை தரும் ஏதாவது கொடுக்கிறார்கள் என்று பல நாடுகளிலும் தன்னிடம் சொன்னார்கள் என்றார். மனிதனுக்கு இயல்பாக அது முடியாததாக இருக்கிறது என்பது அவர் சொல்ல வந்தது. நாளிதழ்கள் கொதித்து எழுந்தன. நம் பையன்களின் வீரம் சாராய வீரமா என்று கேட்டன. எதிரியுடன் பேசியதைப் பொறுத்தவர்கள், ஆணின் வீரத்தைப் பற்றிப் பேசியதைப் பொறுக்கவில்லை. 1931இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவரை என்னவெல்லாம் சொன்னார்கள் என்பதைப் படித்தால் ஃபோண்டாவின் கதை புதிதாகத் தெரியாது.

இவ்வளவு சொல்லி ஃபோண்டாவை மாலை போட்டு வழியனுப்பிவிட்டால் பெண்ணிய வாசிப்பு முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. நடிகைக்கு என்ன அரசியல் தெரியும் என்ற ஆணாதிக்கக் கேள்வியைத் தள்ளிவிட்டால், அந்த நடிகை செய்ததை எடைபோடும் வேலை நமக்கு மிஞ்சுகிறது.

புகழ் பெற்றவர் பேசப் போகும்போது அவர் தனியாகப் போவதில்லை, அவர் முகமும் கூடப் போகிறது. முகம் ஒரு நாணயம். அதை இரண்டு பக்கமும் செலவழிக்கும். ஹனோய்க்கு ஃபோண்டாவை அழைத்ததே அதற்காகத்தான், அவர் போனதும் தன் முகம் எங்கே திரும்புகிறதோ அங்கே கேமராக்களும் திரும்பும் என்ற கணக்கில்தான். கரைகளின் சேதத்தைக் காட்ட அது உதவியது. ஆனால் கேமராவை எங்கே திருப்புவது என்று முடிவு செய்தவர்கள் விருந்து கொடுத்தவர்கள். பீரங்கியில் உட்கார்ந்தது வாழ்நாள் தவறு என்று அவரே பலமுறை சொல்லிவிட்டார். அன்று பாட்டும் கைதட்டலுமாக இருந்தது, யோசிக்காமல் உட்கார்ந்துவிட்டேன் என்கிறார். நம்புகிறேன். அந்தப் பீரங்கியைவிட எனக்கு உறுத்துவது வேறு.

1973இல் போர்க்கைதிகள் வீடு திரும்பினார்கள். தங்களைச் சித்திரவதை செய்தார்கள் என்று சொன்னார்கள். ஃபோண்டா அவர்களைப் பாசாங்குக்காரர்கள், பொய்யர்கள் என்றார். அவர்கள் சொன்னது பொய்யல்ல. குறிப்பாக 1969க்கு முன் பிடிபட்டவர்களில் பலர் கயிற்றால் கட்டித் தொங்கவிடப்பட்டும், தனிமைச் சிறையில் ஆண்டுக்கணக்கில் வைக்கப்பட்டும் இருந்தார்கள். 1966இல் ஜெரமையா டென்டன் என்ற கடற்படை விமானியை ஹனோயில் கேமரா முன் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே, வெளிச்சத்துக்குக் கண் கூசுவதுபோல இமைகளை மூடி மூடித் திறந்தார். மோர்ஸ் குறியீட்டில் அந்த இமைகள் 'சித்திரவதை' என்ற ஒரே சொல்லைச் சொல்லின. விருந்தாளியின் முகத்தை வாங்கிய அதே கேமராதான் கைதியின் முகத்தையும் வாங்கியது. கைதிக்கு இமைகளாவது மிஞ்சின.

காயம்பட்ட உடல் சொல்வதை முதலில் நம்பு என்பதைப் பெண்ணியம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. வீட்டில் அடிபட்டவள் சொல்லும்போது, அவர் அப்படிப்பட்டவர் இல்லையே, எங்களிடம் எவ்வளவு அன்பாகப் பழகினார் என்று சொல்லும் உறவினர்களை நமக்குத் தெரியும். ஃபோண்டா அன்று அந்த உறவினராக இருந்தார். தனக்குத் தேநீர் கொடுத்தவர்கள் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டினார். அவர்கள் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது உண்மை. குண்டு விழுகிறவர்கள் இன்னொருவரைக் கட்டித் தொங்கவிட மாட்டார்கள் என்பது உண்மையல்ல.

இதை வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி மறுத்தாள். "அந்த விமானிங்க கிராமத்து மேல குண்டு போட்டவங்கதானே மேடம். அவங்களையும் அடிபட்ட பொண்ணையும் ஒண்ணா வச்சுப் பேசறது சரியா?" என்றாள். நல்ல கேள்வி. வானத்திலிருந்து ஊரைக் கொளுத்தியவன் கைதியானதும் நிரபராதி ஆகிவிடுவதில்லை. அவன் செய்ததற்கு விசாரணை இருக்கட்டும். ஆனால் கை கட்டப்பட்ட பிறகு அவன் மேல் விழும் அடி அந்தக் கிராமத்துக்கு நீதி ஆகாது. அவன் அடிபட்டேன் என்று சொல்வது உண்மையா என்ற கேள்விக்கும் அவன் நல்லவனா என்ற கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. அவள் முழுதாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

புகைப்படத்தில் இல்லாத பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'விமன் ஸ்ட்ரைக் ஃபார் பீஸ்' என்ற அமைப்பின் அமெரிக்கப் பெண்கள் 1965 ஜூலையிலேயே ஜகார்த்தா போய் வியட்நாமியப் பெண்களைச் சந்தித்தார்கள். பெரும்பாலும் நடுத்தர வயது இல்லத்தரசிகள். அந்த வட்டத்திலிருந்து வந்த கோரா வைஸ் முதலானவர்கள் 1970 ஜனவரியில் கைதிகளின் குடும்பங்களுக்காக ஒரு தொடர்புக் குழுவைத் தொடங்கினார்கள். மாதந்தோறும் யாராவது ஹனோய் போவார்கள். பையில் கடிதங்கள் போகும், கடிதங்கள் வரும். கணவன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்களுக்கு ஒரு கையெழுத்து வந்து சேரும்.

இதுவும் கறை இல்லாத வேலை என்று சொல்ல மாட்டேன். கடிதங்களை அமெரிக்க அரசு வழியாக அனுப்பாமல் போர் எதிர்ப்பாளர்கள் கையில் கொடுத்தது ஹனோயின் அரசியல். குடும்பங்களைப் பணயமாக்குகிறார்கள் என்று வாஷிங்டன் குற்றம் சாட்டியதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. எதிரியுடன் பேசப் போகும் யாரும் பயன்படுத்தப்படாமல் திரும்ப முடியாது. பயன்படுத்தப்படுவதற்கு ஈடாக யாருக்கு என்ன வாங்கிக் கொடுத்தோம் என்று கணக்குப் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்தப் பெண்கள் கடிதம் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப் பெரிய முகம் இல்லாததால் குறைவாகவே விலை கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம்.

ஃபோண்டாவும் பிறகு வேறு வகையான பேச்சுக்குப் போனார் என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம். 1988இல் கனெக்டிகட் மாநிலத்தில் அவர் படப்பிடிப்புக்கு வரக் கூடாது என்று முன்னாள் படைவீரர்கள் எதிர்த்தார்கள். அவர் அவர்களில் சிலரை ஒரு தேவாலயக் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சந்தித்தார். சில மணி நேரம் பேசினார்கள். அதே ஆண்டு தொலைக்காட்சியில் மன்னிப்பும் கேட்டார். போனதற்காக அல்ல, தன் சொல்லும் செயலும் அவர்கள் வலியைக் கூட்டியதற்காக. எல்லோருக்கும் அது போதவில்லை. 2005இல் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அவர் முகத்தில் ஒரு முன்னாள் வீரர் புகையிலை எச்சிலைத் துப்பினார். அப்போது அவருக்கு வயது 67. வழக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

இன்னொரு பிரபலமும் ஹனோய்க்குப் போனார். பாடகி ஜோன் பயஸ். 1972 டிசம்பரில் கைதிகளுக்குக் கிறிஸ்துமஸ் தபால் கொண்டுபோன குழுவில் அவர் இருந்தார். போன இடத்தில் நிக்சனின் கிறிஸ்துமஸ் குண்டுவீச்சு தொடங்கியது. பதினோரு இரவுகள் இரவும் பகலும் ஓட்டல் பதுங்குகுழிக்கு இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். பாக் மாய் மருத்துவமனை இடிந்தது அந்த நாட்களில்தான். தான் பதிவு செய்த சைரன்களையும் குண்டுச் சத்தங்களையும் அடுத்த ஆண்டு ஓர் இசைத்தட்டில் சேர்த்து வெளியிட்டார்.

போர் முடிந்து நாடு ஒன்றாகியது. மறுகல்வி முகாம்கள் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் விசாரணை இல்லாமல் அடைக்கப்பட்டார்கள். மக்கள் படகேறிக் கடலில் தப்பியோடினார்கள். 1979 மே மாதம் பயஸ் வியட்நாம் அரசுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிப் பெரிய நாளிதழ்களில் வெளியிட்டார். போரை எதிர்த்த பலர் அதில் கையெழுத்திட்டார்கள். ஃபோண்டா மறுத்தார். இந்தக் கடிதம் அமெரிக்காவின் மிகக் குறுகிய மனம் கொண்டவர்களோடு உங்களைச் சேர்த்துவிடும் என்ற பொருளில் பயஸுக்கு எழுதினார். பழைய தோழர்கள் சிலர் பயஸை சி.ஐ.ஏ. கைக்கூலி என்றே சொன்னார்கள்.

ஃபோண்டாவின் பயம் வெறும் சாக்கு அல்ல. வியட்நாமைச் சுடுகாடாக்கியவர்கள், பார்த்தீர்களா, நாங்கள் அன்றே சொன்னோமே என்று அந்தக் கடிதத்தைத் தூக்கிக் காட்டத்தான் செய்தார்கள். நம் பக்கத்துத் தவறை வெளியில் சொன்னால் எதிர்ப்பக்கம் எடுத்துக்கொள்ளும் என்ற பயம் எல்லா இயக்கத்துப் பெண்களுக்கும் பழக்கமானது. சங்கத்துத் தோழர் கை நீட்டினாலும் வெளியே சொல்லாதே, இயக்கத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்பார்கள். அந்த வாதத்தை எங்கே கேட்டாலும் எனக்கு உடம்பு சுருங்குகிறது. ஃபோண்டா எழுதியது அதைவிடப் படித்த மொழியில் இருந்தாலும் அதே வாதம்தான். 1972இல் அவர் போனதன் நியாயமே, என் அரசு மறைக்கும் உடல்களை நான் போய்ப் பார்ப்பேன் என்பதுதான். 1979இல் அந்த உடல்கள் முகாம்களிலும் படகுகளிலும் இருந்தன. அவற்றை மறைப்பது இப்போது வேறு அரசு, அவருக்குத் தெரிந்தவர்களின் அரசு. தெரிந்தவர்கள் என்பதால்தான் அவர் சொல்லுக்கு அங்கே எடை அதிகம் இருந்திருக்கும். எதிரியாக இருந்தபோது போய்ப் பேசியவர், நண்பரான பிறகு பேசாமல் இருந்தார்.

அந்த ஜூலையிலேயே பயஸ் அகதிகளுக்காக வாஷிங்டனில் பாடினார். அதே மாதம் கார்ட்டர், கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றுமாறு ஏழாவது கடற்படைப் பிரிவுக்கு உத்தரவிட்டார். வியட்நாமைச் சுட்ட அதே கப்பல்கள். பயஸ் அவற்றையும் கேட்டு வாங்கினார், கூச்சப்படவில்லை.

நீங்களாக இருந்தால் போவீர்களா என்று அந்த மாணவி பிறகு நடைபாதையில் கேட்டாள். ஹனோய்க்குப் போயிருப்பேன் என்றேன். பயஸின் கடிதத்திலும் கையெழுத்திட்டிருப்பேன். வானொலி நிலையத்துக்குள் போயிருக்க மாட்டேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் பகலில் கரைகளில் குழிகளைப் பார்த்துவிட்டு, இரவில் தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த விமானியிடம் நேராகப் பேச ஒரு மைக்கை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா என்பது எனக்கே உறுதியில்லை. அதையும் அவளிடம் சொன்னேன்.